மாட்டு வண்டியில் வந்த திரைப்படம்

சென்ற ஆண்டு நம் சங்கத்து மாணவர் நால்வர் கைப்பேசியைக் கொண்டே ஒரு குறும்படம் எடுத்தனர். மூன்று மாதம் உறக்கம் கெட்டு உழைத்தனர். ஒரு ஞாயிறு மாலை விடுதியின் பொது அறையில் அதைத் திரையிட்டனர். வந்தவர்கள் பதினொருவர். அவர்களிலும் மூவர் முன்பே அந்த அறையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்! படம் எடுத்தவர்கள் வாடிப் போயினர். நல்ல படைப்பு என்றால் மக்கள் தாமே தேடி வரமாட்டார்களா, அறை அறையாகச் சென்று கூவி அழைப்பது நமக்கு இழிவு அல்லவா என்று அவர்களில் ஒருவர் என்னிடம் மனம் நொந்து கேட்டார். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பின்னர், நாம் படிக்க வந்திருக்கும் இந்த மராட்டிய மண்ணில் பிறந்த ஒரு பெருமகனின் வாழ்க்கையைப் படித்தேன். விடை அங்கே இருந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாற்பது வயது வரை

தாதாசாகேப் பால்கே என்று நாடு போற்றும் துண்டிராஜ் கோவிந்த பால்கே, 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், நாசிக் நகருக்கு அருகே திரியம்பகத்தில் பிறந்தார். தந்தையார் வடமொழி வல்லுநர். அவருக்குப் பம்பாய் வில்சன் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைக்கவே, குடும்பம் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது. மகனுக்கோ ஏட்டுக் கல்வியைவிடக் கைவினையில் நாட்டம் மிகுதி. 1885-இல் ஜே. ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பரோடா கலாபவனத்தில் ஓவியமும் புகைப்படக் கலையும் பயின்றார்.

கோத்ரா என்னும் ஊரில் புகைப்பட நிலையம் வைத்தார். அங்கே பிளேக் நோய் அவருடைய மனைவியையும் குழந்தையையும் கொண்டு சென்றது. உடைந்த உள்ளத்தோடு அவ்வூரை விட்டு நீங்கினார். மந்திர வித்தை கற்றார். தம் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டுப் பேராசிரியர் கெல்பா என்ற பெயரில் மேடை ஏறினார். தொல்பொருள் ஆய்வுத் துறையில் அரசுப் பணி ஏற்றார். சுதேசி இயக்கம் எழுந்தபோது அதைத் துறந்தார். அச்சுத் தொழிலில் இறங்கி, வண்ண அச்சுக்கான எந்திரங்களுக்காக 1909-இல் ஜெர்மனி வரை சென்று வந்தார். பங்காளிகளோடு மனவேறுபாடு தோன்றவே, அந்த அச்சகத்தையும் விட்டு வெளியேறினார்.

வயது நாற்பதை எட்டிவிட்டது. கையில் பல தொழில்கள் இருந்தன. நிலைத்த தொழில் ஒன்றுகூட இல்லை. உலகம் இத்தகையோரைத் தோற்றவர் என்றே எண்ணும். ஆயினும் ஓவியம், புகைப்படம், இரசாயனம், அச்சு, மேடை வித்தை ஆகிய அனைத்தும் ஒன்றுகூடித் தேவைப்படும் ஒரு தொழில் அவருக்காகக் காத்திருந்தது.

பட்டாணி காட்டிய வழி

1910-11 ஆண்டுகளையொட்டி, பம்பாயில் ஒரு கொட்டகையில் கிறிஸ்துவின் வாழ்க்கையைக் காட்டும் படம் ஒன்றைப் பால்கே கண்டார். திரையில் ஏசுபிரான் நடமாட, அவர் மனக்கண்ணில் இராமனும் கண்ணனும் நடமாடினர். நம் நாட்டுக் கதைகளை நம் நாட்டவரே திரையில் காட்டும் நாள் வாராதா என்ற ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. மறுமுறை, இரண்டாம் மனைவியாராகிய சரசுவதிபாயையும் அழைத்துச் சென்று அப்படத்தைக் காட்டினார்.

அதன்பின் அவருக்கு வேறு நினைவே இல்லை. படங்களை இடையறாது பார்த்தார், கருவிகளை ஆராய்ந்தார், உறக்கம் குறைந்தது. சில காலம் கண்பார்வையே மறைந்தது. மருத்துவத்தால் பார்வை மீண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை ஈடு வைத்துப் பணம் திரட்டி, 1912 பிப்ரவரியில் இலண்டனுக்குக் கப்பல் ஏறினார். திரைப்பட இதழாசிரியர் ஒருவரின் துணையால் செசில் ஹெப்வொர்த் என்பவரின் படப்பிடிப்பு நிலையத்தில் தொழிலைக் கண்டறிந்தார். வில்லியம்சன் காமிரா ஒன்றை வாங்கிக்கொண்டு சில வாரங்களில் திரும்பினார்.

கருவி வந்தது, முதல் போட யார் வருவார்? அறிவியல் மாணவனாகிய என் உள்ளத்தைக் கவர்ந்த பகுதி இதுவே. பால்கே ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். அதன்முன் காமிராவை அசையாமல் நிறுத்தினார். குறித்த நேரத்துக்கு ஒரு படம் என்ற முறையில் பல நாட்கள் எடுத்து வந்தார். பிறகு அவற்றை ஓட்டிக் காட்டியபோது, விதை வெடித்து, முளை எழுந்து, செடி வளர்வது முழுவதும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கண்முன் நிகழ்ந்தது! கண்டவர் வியந்தனர். பணம் உள்ளவர் கடன் கொடுக்க முன்வந்தனர்.

நண்பர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர் கெஞ்சவில்லை, நீண்ட சொற்பொழிவும் ஆற்றவில்லை. தம்மால் செய்ய இயலும் என்பதைச் சிறிய அளவில் செய்து காட்டினார். பால்கே திரையிட்ட முதல் காட்சி அரிச்சந்திரனுடையது அன்று. ஒரு பட்டாணிச் செடியினுடையது.

வீடே நிலையம்

கடன் மட்டும் போதவில்லை. சரசுவதிபாய் தம் நகைகளையும் தந்தார். தாதர் பகுதியில் அவர்கள் குடியிருந்த வீடே படப்பிடிப்பு நிலையம் ஆயிற்று. நடிக்கப் பெண் ஒருத்தியும் முன்வரவில்லை. சிற்றுண்டிச்சாலை ஒன்றில் சமையல் வேலை பார்த்துவந்த சாளுங்கே என்ற இளைஞர் சந்திரமதியாக நடித்தார். பால்கேயின் மகனே அரிச்சந்திரனின் மகனாக நடித்தான்.

சரசுவதிபாயின் உழைப்பைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்வது நன்றி மறத்தல் ஆகும். பகலில் நடிகர்களுக்கும் பணியாளர்களுக்கும் அவரே சமைத்தார். வெயிலைத் திருப்ப வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரவில் இருட்டறையில் பிலிமின் ஓரங்களில் துளையிட்டார்; இரசாயனங்களைக் கலந்தார்; படத்தைக் கழுவி எடுத்தார். இன்று ஆய்வுக்கூடத்தில் ஒரு கரைசல் கலக்க நமக்கு எத்தனை உதவிகள்! அவருக்கு இருந்தவை அடுப்பங்கரையும் மன உறுதியும்தாம்.

ஏழு மாத அளவு உழைத்து ‘ராஜா அரிச்சந்திரா’ முடிந்தது. நீளம் 3,700 அடி. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று பெரும்பாலோர் கொள்வது இதனையே.

பாதி வேலை

படம் முடிந்ததும் பால்கே ஓய்ந்துவிட்டாரா? இல்லை. பாதி வேலையே முடிந்தது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1913 ஏப்ரல் 21-இல் ஒலிம்பியா கொட்டகையில் நகரத்துப் பெரியோர்களையும் பத்திரிகையாளர்களையும் அழைத்து முன்னோட்டக் காட்சி நடத்தினார். அவர்கள் வாயிலாகச் செய்தி பரவிய பின், மே 3-ஆம் நாள் கோரனேஷன் கொட்டகையில் பொதுமக்களுக்குத் திரையிட்டார். படம் மட்டும் போதுமோ போதாதோ என்ற ஐயத்தால் நடனம், நகைச்சுவைக் காட்சி, காலால் பொருள்களைச் சுழற்றும் வித்தை ஆகியவையும் அதே நிகழ்ச்சியில் சேர்க்கப்பட்டன. கூட்டம் திரண்டது. வாரம் ஒரு படம் மாறும் அந்நாளில் இப்படம் மூன்று வாரத்துக்கு மேல் ஓடியது.

சூரத்திலோ நிலைமை வேறு. அங்கே இரண்டணாவுக்கு ஆறு மணி நேரம் நாடகம் பார்த்துப் பழகிய மக்கள், மூன்றணா கொடுத்து ஒன்றரை மணி நேரக் காட்சிக்கு வருவார்களா? முதல் நாள் வசூல் மூன்றே ரூபாய் என்று திரைப்பட வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நம் நண்பர்களின் பதினொருவர் கூட்டம் எனக்கு நினைவு வந்தது இங்கேதான்! பால்கே வாடவில்லை. 57,000 புகைப்படங்கள், இரண்டு மைல் நீளப் படம், கட்டணம் மூன்றே அணா என்று விளம்பரம் செய்தார். கூட்டம் பெருகியது.

நான் இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஓர் அடிப் பிலிமில் 16 படங்கள் அடங்கும். 57,000-ஐ 16-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3,560 அடி. ஆகவே படங்களின் எண்ணிக்கை நேர்மையானதே. ஆனால் 3,700 அடி என்பது முக்கால் மைலுக்கும் குறைவு. இரண்டு மைல் என்பது மிகைக் கூற்று. அதை நான் போற்றவில்லை. உண்மையான எண்ணே மலைக்க வைப்பதாக இருக்கையில், மிகை எதற்கு? ஆயினும், தம் உழைப்பின் அளவை மக்களுக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவர் உணர்ந்தாரே, அந்த உணர்வு போற்றத்தக்கது.

கொட்டகை இல்லாத ஊர்களுக்கு என்ன செய்வது? படம் காட்டும் எந்திரம், திரை, பிலிம் சுருள்கள் யாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். காமிராவைத் தேடிக் கடல் கடந்தவர், காண்போரைத் தேடி மண் சாலையில் சென்றார். இரண்டையும் ஒரே பயணமாகவே அவர் கருதியிருத்தல் வேண்டும்.

1917-இல் வெளிவந்த ‘லங்கா தகனம்’ நம் சென்னையிலும் ஓடியது. அங்கே வசூலான நாணயங்களைக் கோணிப்பைகளில் கட்டி, போலீஸ் காவலோடு மாட்டு வண்டியில் கொண்டு சென்றனர் என்பர். பால்கேயின் படங்களால் ஊக்கம் பெற்றவருள் நம்மவர் ஒருவரும் உண்டு. சென்னையைச் சேர்ந்த நடராஜ முதலியார் பூனாவில் இருந்த ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் தொழில் கற்று, ‘கீசக வதம்’ என்னும் ஊமைப் படத்தை எடுத்தார். தென்னாட்டுத் திரைப்படத்தின் தொடக்கம் அதுவே.

இறுதி நாட்கள்

1918-இல் வணிகர் சிலரோடு சேர்ந்து பால்கே இந்துஸ்தான் சினிமா பிலிம்ஸ் கம்பெனியை அமைத்தார். பொருள் வந்தது, ஆனால் வணிகம் பங்காளிகள் கைக்குச் சென்றது. வேறுபாடு முற்றவே விலகிக் காசிக்குச் சென்றார். 1922-இல் திரும்பி வந்தார். ஆயினும் பழைய உரிமை திரும்பவில்லை. பின்னர்ப் பேசும் படம் வந்து ஊமைப் படத்தை ஒதுக்கிற்று. 1937-இல் ‘கங்காவதரணம்’ என்ற பேசும் படம் ஒன்றை எடுத்தார். அதுவே அவருடைய கடைசிப் படம். 1944 பிப்ரவரி 16-ஆம் நாள் நாசிக்கில் காலமானார். இந்நாட்டில் ஒரு பெருந்தொழிலுக்கு வித்திட்டவர், அத்தொழில் செழித்திருந்த காலத்தில் எளிய நிலையில் மறைந்தார். அவர் பெயரால் தாதாசாகேப் பால்கே விருதை அரசு ஏற்படுத்தியது 1969-இல்தான். நம் சிவாஜி கணேசனும் பாலசந்தரும் பெற்ற விருது அது.

நண்பருக்கு விடை

அன்று என்னைக் கேட்ட நண்பருக்கு இன்று விடை கூறுகிறேன். கூவி அழைப்பது இழிவு அன்று. மூன்று மாத உழைப்பை ஒரு மாலையோடு மூடி வைப்பதே இழப்பு. பதினொருவர் வந்தனர் என்று வருந்தற்க. அடுத்த விடுதிக்குச் செல்க. தமிழ் அறியாத மாணவருக்கு இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரிகள் எழுதிச் சேர்த்துக் காட்டுக. அழைப்பிதழில் உண்மையை மட்டும் எழுதுக. ஆனால் அதை உரக்க எழுதுக.

இஃது ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் எனக்கும் பொருந்தும். என் மேசை அறையில் யாருக்கும் காட்டாத முடிவுகள் சில உறங்குகின்றன. தகுதி இருந்தால் உலகம் தேடி வரும் என்று நானும் காத்திருந்தேன். பட்டாணி விதை மண்ணுக்குள் வளர்ந்ததை யார் கண்டார்? ஒருவர் அதன்முன் காமிராவை நிறுத்திக் காத்திருந்து, பிறர்க்கும் காட்டியதால் அன்றோ கண்டனர்!

வரும் திங்களில் நம் நண்பர்களின் குறும்படம் மீண்டும் திரையிடப்பட இருக்கிறது. எந்திரத்தையும் திரையையும் சுமக்க ஆள் வேண்டும். முதல் ஆளாக நான் வருகிறேன். நீங்களும் வருவீர்களாக!