அமைதித் தூதர் ஆசாத்

மக்கமாநகரில் 1888ஆம் ஆண்டு பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். அரபு, பார்சி, உருது மொழிகளில் துறைபோகிய அப்பெருமகனார் 1912இல் ‘அல்ஹிலால்’ இதழைத் தொடங்கி விடுதலை வேட்கையை ஊட்டினார். 1923இல் தில்லியில் கூடிய காங்கிரசுச் சிறப்பு மாநாட்டிற்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு 35 வயதும் நிறையவில்லை. சட்டமன்றம் புகுவதா, புறக்கணிப்பதா எனப் பிளவுபட்டு நின்ற இரு அணியினரையும் அவர்தம் நடுவுநிலைமை இணங்க வைத்தது.

1940 முதல் 1946 வரை மீண்டும் தலைமை தாங்கிய அவர், நாடு பிளவுபடாதிருக்க அரும்பாடுபட்டார். ஆயினும் 1947இல் பிரிவினை வந்தது. தில்லித் தெருக்களில் குருதி ஓடியது. அஞ்சி வெளியேற முனைந்த முஸ்லிம்களை அவ்வாண்டு அக்டோபரில் ஜாமிஆ பள்ளிவாசலில் நின்று தடுத்துத் தேற்றினார்.

1948 சனவரி 13இல் காந்தியடிகள் உண்ணா நோன்பு தொடங்கினார். நோன்பை முடிப்பதற்கு அடிகள் விதித்த நிபந்தனைகளை மக்களிடம் எடுத்துரைத்தவர் ஆசாத். பறிக்கப்பட்ட பள்ளிவாசல்களைத் திருப்பித் தருதல், மெஹ்ரௌலி தர்காவில் உரூஸ் தடையின்றி நடைபெறுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். 18ஆம் நாள் பல சமயத் தலைவர்களும் கூடி உறுதியளித்தனர். நோன்பை முடிக்கப் பழச்சாறு வழங்கியவரும் ஆசாத்தே. 27ஆம் நாள் மெஹ்ரௌலி உரூசிற்கு அடிகள் நேரிற் சென்றார்.

மூன்றே நாளில் அடிகள் சுடப்பட்டார். எனினும் ஆசாத் தளர்ந்திலர். விடுதலை இந்தியாவின் முதற் கல்வி அமைச்சராக இறுதிவரை உழைத்தார். 1958 பிப்ரவரி 22இல் மறைந்த அவர், அன்று மக்களைத் தேற்றிய அப்பள்ளிவாசலின் அருகிலேயே துயில்கின்றார். வெளியேறாதீர் என்று பிறர்க்கு உரைத்தவர், தாமும் அம்மண்ணை விட்டு நீங்கினாரில்லை.