ஒளிக்கு வழி செய்தவர் – டாக்டர் ஆத்மா ராம்

நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில், நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வெங்காயத் தோலின் செல்களைப் பார்த்து வியக்காத மாணவி உண்டோ? அந்த வியப்பைத் தரும் சிறு வில்லைக்கான கண்ணாடியை நம் நாட்டில் உருக்கத் தெரியாதிருந்த காலம் ஒன்று உண்டு. அக்குறையைப் போக்கிய பெருமகனார் டாக்டர் ஆத்மா ராம் ஆவார்.

உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில், பிலானா என்னும் சிற்றூரில் 1908ஆம் ஆண்டு அவர் பிறந்தார். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து எலவனாசூர்கோட்டைக்குப் படிக்க வரும் நம்மில் பலரைப் போல, அவரும் கிராமத்துப் பிள்ளையே. அலகாபாத் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் கல்கத்தா யாதவ்பூரில் உள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். கண்ணாடிக்குச் செம்பு எவ்வாறு செந்நிறம் தருகிறது என்பதையும் ஆராய்ந்தார்.

மணலும் சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்து உருகினால் கண்ணாடி கிடைக்கும். ஜன்னலுக்கு அது போதும். நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் காமிராவுக்கும் போதாது. அவற்றுக்கான ஒளியியல் கண்ணாடியில் ஒரு குமிழியோ ஒரு கோடோ இருத்தலாகாது. உருகிய குழம்போ தன்னைத் தாங்கும் மண்கலத்தையே அரித்து மாசுபடும். எனவே அதைப் பக்குவமாய்க் கிளற வேண்டும். பின்பு மெல்ல மெல்ல ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, கண்ணாடி பாழாகும்.

இக்கலையை அறிந்த சில நாடுகள் அதை இரகசியமாய்க் காத்து வந்தன. இராணுவக் கருவிகளுக்கும் இக்கண்ணாடி இன்றியமையாததாகையால், பிறர் கையை எதிர்பார்த்திருப்பது நாட்டுக்கு ஆபத்தாயிருந்தது. ஆத்மா ராமும் அவருடைய உடன் உழைப்பாளர்களும் சளைக்காமல் முயன்று, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒளியியல் கண்ணாடியை இங்கேயே உருவாக்கி வெற்றி கண்டனர்.

1959இல் பத்மஸ்ரீ விருதும் பட்நாகர் பரிசும் அவரைத் தேடி வந்தன. 1966 முதல் 1971 வரை அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராய்ப் பணியாற்றினார். இத்தனை உயர்ந்த பின்னும் அறிவியல் தாய்மொழியில் மக்களைச் சென்றடைய வேண்டும் என்பதில் உறுதியாயிருந்தார். இந்தியில் அறிவியல் எழுதுவோருக்கு அவர் பெயரால் விருது வழங்கப்படுகிறது. 1983இல் அவர் மறைந்தார்.

இன்று நம் தொலைபேசிப் பேச்சு, மயிரிழை போன்ற கண்ணாடி நார்களின் வழியே ஒளியாய்க் கடல் கடந்து செல்கிறது. அவர் வளர்த்த நிலையம் பிற்காலத்தில் அந்த ஒளியிழை ஆராய்ச்சியிலும் இறங்கியது.

தோழியரே, நல்ல கண்ணாடி ஒரே நாளில் ஆறுவதில்லை. நல்ல கல்வியும் அப்படியே. புரியாத பாடத்தைக் கண்டு மனம் தளரும்போது, பொறுமையாய்க் கிளறிப் பொறுமையாய் ஆற விட்ட இம்மேதையை நினைத்துக்கொள்வோம்.