ஐஸ் ஹவுசில் ஏற்றிய விளக்கு

சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிப் பக்கம், வட்ட வடிவமான பழைய கட்டிடம் ஒன்று நிற்கிறது. இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆனாலும் ஐஸ் ஹவுஸ் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும்.

அது 1842-ல் கட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை அங்கே சேமித்து வைத்தார்கள். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இவை இரண்டும் ஊரறிந்த செய்திகள்.

அந்தக் கட்டிடத்துக்கு மூன்றாவதாக ஒரு கதையும் உண்டு. ஒரு காலத்தில் இளம் பெண்கள் பலர் அங்கே கூடி வாழ்ந்தார்கள்; கூடிப் படித்தார்கள். அவர்கள் விதவைகள். அவர்களுக்குத் தாய்போல் இருந்தவரும் ஒரு விதவைதான். அவரே சகோதரி சுப்புலட்சுமி.

பொம்மை வயதில் தாலி

சுப்புலட்சுமி 1886-ம் ஆண்டு ஆகஸ்ட் 18-ந் தேதி பிறந்தார். தந்தை ஆர். வி. சுப்பிரமணிய ஐயர். தாயார் விசாலாட்சி. படிப்பில் படுசுட்டியான குழந்தை.

அந்தக் கால வழக்கப்படி, பன்னிரண்டு வயது நிரம்புமுன்பே திருமணம் நடந்தது. சில நாட்களிலேயே கணவன் இறந்துவிட்டான். கல்யாணம் என்றால் என்னவென்று தெரியாத வயதில், அந்தச் சிறுமி விதவை ஆனாள்.

அந்நாளில் அத்தகைய பெண்ணுக்குக் காத்திருந்தது என்ன? தலையை மழிப்பார்கள். வளையலும் பூவும் போய்விடும். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் அவள் நிற்கக்கூடாது. தெருவில் எதிரே வந்தால் அபசகுனம் என்பார்கள். அடுப்படியே அவள் உலகம்.

சுப்பிரமணிய ஐயர் தம் மகளை அந்த இருட்டில் தள்ள மறுத்தார். உற்றார் உறவினர் ஏசினார்கள். அவர் அசையவில்லை. மகளின் தலைமுடியை எடுக்க விடவில்லை. அவள் கையில் புத்தகத்தைக் கொடுத்தார்.

வீட்டில் வாலாம்பாள் என்ற சித்தி இருந்தார். அவரும் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். சுப்புலட்சுமிக்கு அவர் உற்ற துணை ஆனார்.

முதல் பட்டதாரி

கிறிஸ்தவக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் சுப்புலட்சுமி படித்தார். குடும்பம் என்று ஒன்று இல்லாமல், பிறர் குழந்தைகளுக்காகவே அவர்கள் உழைத்தது அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. தாமும் அப்படி வாழ வேண்டும் என்று உறுதி கொண்டார்.

பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். அன்றைய சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர்தான்.

தமக்குக் கிடைத்த கல்வி மற்றப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டாமா? அந்தக் கேள்வி அவரை உறங்கவிடவில்லை.

வீடே விடுதி ஆயிற்று

அப்போது பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆண் ஆசிரியரிடம் பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். மணமான பெண்களோ வேலைக்கு வரமாட்டார்கள். விதவைகளைப் படிக்கவைத்தால் அவர்களே ஆசிரியைகள் ஆகலாமே! பெண்கள் பள்ளிகளைக் கண்காணித்து வந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அதிகாரியும் இதே கருத்துக் கொண்டிருந்தார். இருவரும் கைகோத்தார்கள்.

ஆனால், வெளியூர்ப் பெண் எங்கே தங்குவாள்? எந்த வீட்டில் அவளுக்கு இடம் கொடுப்பார்கள்? பள்ளிக்கூடம் மட்டும் இருந்தால் போதாது, தங்கிப் படிக்க ஒரு வீடு வேண்டும் என்பதைச் சுப்புலட்சுமி கண்டுகொண்டார்.

எழும்பூரில் தம் குடும்பம் இருந்த வீட்டையே அதற்குத் திறந்துவிட்டார். முதலில் வந்தவர்கள் நான்கே பெண்கள். சமையற்கட்டையும் வீட்டு நிர்வாகத்தையும் வாலாம்பாள் சித்தி ஏற்றுக்கொண்டார். 1912-ல் சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. பெண்களின் எண்ணிக்கை பெருகியது. விடுதி திருவல்லிக்கேணிக்கு மாறியது. அந்த இடமும் போதவில்லை. 1917-ல் அரசாங்கம் ஐஸ் ஹவுசை வாங்கிற்று. பெண்கள் அங்கே குடியேறினார்கள்.

அடுப்படி மூலையில் ஒடுங்கிக் கிடந்தவர்களுக்கு எதிரே பரந்த கடல்! ஒருத்திக்குத் தெரியாத பாடத்தை இன்னொருத்தி சொல்லிக்கொடுக்கலாம். அழுகிறவளைத் தேற்ற, அதே துயரை அனுபவித்த பத்துப் பேர் பக்கத்தில் இருந்தார்கள். அங்கே ஒருவரை ஒருவர் அபசகுனம் என்று சொல்ல ஆள் இல்லை.

பள்ளிப் படிப்பை முடித்தவர்களில் சிலர் ராணி மேரிக் கல்லூரிக்கும் போனார்கள். 1914-ல் தொடங்கிய அந்தப் பெண்கள் கல்லூரி, அதே கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது.

விட்டுக்கொடுத்தது எது?

சுப்புலட்சுமியின் வழி எல்லோருக்கும் பிடித்ததாக இல்லை. அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும் என்றே நடந்தது. உள்ளே ஆசாரங்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டன. சீர்திருத்தம் பேசுகிறவர் பழைய வழக்கத்துக்குப் பணியலாமா என்று சிலர் குறை கூறினார்கள். பெண்களைக் கெடுக்கிறார் என்று வைதிகர்கள் தூற்றினார்கள். இரண்டு பக்கமும் இடி!

ஆசாரம் கெட்டது என்று தெரிந்தால், தகப்பன்மார் மறுநாளே பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். அவள் படிப்பு அத்துடன் போகும். ஆகவே சாப்பாட்டிலும் சடங்கிலும் அவர் விட்டுக்கொடுத்தார். படிப்பில் மட்டும் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. இதனால் மற்றச் சாதிப் பெண்களுக்கு அந்த விடுதிக் கதவு திறக்கவில்லை என்பதும் உண்மைதான்.

1922-ல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது, அவரே அதன் முதல் தலைமை ஆசிரியை ஆனார். அங்கே பல சாதி, பல மதப் பெண்கள் ஒன்றாகப் பயின்று ஆசிரியைகள் ஆனார்கள்.

குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் வர வேண்டும் என்றும் அவர் பாடுபட்டார். 1929-ல் அந்தச் சட்டம் நிறைவேறியது. 1958-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1969-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி அவர் காலமானார்.

அதே கேள்விகள்

இன்று ஜூன், ஜூலை மாதம் வந்தால், பெட்டியும் படுக்கையுமாகப் பெண்கள் கல்லூரி விடுதிக்குப் புறப்படுகிறார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, கூட இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்களோ, காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பும் தகப்பன்மார் இதையேதான் கேட்டார்கள். சகோதரி சுப்புலட்சுமி அதற்கு வாயால் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பெண்களோடு தாமும் அதே கூரையின் கீழ் குடியிருந்தார்.