எழுதிக் காட்டிய மௌனம்: இரமண மகரிஷியின் வாழ்வில் சொல்லொடுக்கம்

இரமண மகரிஷியின் (1879–1950) வரலாற்றை எழுதியோர் பலர் அவருடைய திருவண்ணாமலைத் தொடக்க ஆண்டுகளை மௌன விரதக் காலம் என்றே குறிப்பர். விரதம் என்னும் சொல் இங்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. விரதத்திற்கு உறுதிமொழி வேண்டும், கால எல்லை வேண்டும், காத்தலும் முடித்தலும் வேண்டும். இவற்றுள் ஒன்றும் அவர்பால் இல்லை. பேச வேண்டும் என்னும் எழுச்சி தமக்குத் தோன்றாமையாலேயே பேசாதிருந்ததாகப் பிற்காலத்தில் அவரே விளக்கினார். அவ்விளக்கத்தைப் பின்னாளைய நினைவு என்று ஒதுக்கிவிட இயலாது. பேசாதிருந்த அதே ஆண்டுகளில் அவர் கைப்பட எழுதியவை சில உள. அவற்றின் மொழியமைப்பே அவ்விளக்கத்திற்குச் சான்றாகிறது.

திருச்சுழியில் வழக்குரைக்கும் தொழில் செய்த சுந்தரமையருக்கும் அழகம்மைக்கும் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், 1892இல் தந்தையை இழந்து மதுரையில் சிற்றப்பன் சுப்பையரின் வீட்டில் வளர்ந்தார். அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளியில் படித்தபோது பாடங்களில் நாட்டம் மிகுதியாக இல்லை. வீட்டிலிருந்த பெரியபுராணம் அவரைப் பற்றிக்கொண்டது. 1896 ஜூலையில், உடல்நலக் குறை எதுவுமின்றி, சாவச்சம் ஒன்று அவரைத் திடீரெனப் பிடித்தது. பதினாறு வயதுச் சிறுவன் மருத்துவரையோ மூத்தோரையோ தேடாமல் தரையில் பிணம்போல் கிடந்து, இறப்பது எது என்று தன்னுள்ளேயே நோக்கினான். உடல் அடங்கியபின்னும் ‘நான்’ என்னும் உணர்வு அடங்காமல் நின்றது. இந்நிகழ்ச்சியை வெறுமையனுபவம் எனச் சுட்டுதல் பிழையாகும். எண்ணமும் உடலுணர்வும் நீங்கிய இடத்தில் ஒன்றுமில்லை என்பதன்று அவர் கண்டது. நீங்காதது ஒன்று உண்டு என்பதே. இவ்வேறுபாட்டை அவர் இறுதிவரை வலியுறுத்தினார்.

ஆறு வாரம் கழிந்து, ஆகஸ்டு 29 அன்று, ஆங்கில இலக்கணப் பாடமொன்றை எழுதிக்கொண்டிருந்தவர் அதை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்னும் கருத்துப்பட அண்ணன் நாகசுவாமி கடிந்தார். கடிந்தவர் அறியாமலே அச்சொல் விடையாயிற்று. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரு சீட்டையும் விட்டுவிட்டு அவர் வெளியேறினார். தந்தையைத் தேடி அவருடைய ஆணைப்படி செல்வதாகச் சொல்லும் அச்சீட்டு ‘நான்’ என்று தொடங்குகிறது. அடுத்த தொடரிலேயே எழுதுபவர் ‘இது’ ஆகிவிடுகிறார். தன்மை ஒருமை அஃறிணைச் சுட்டாக மாறிய இம்மாற்றம் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டதே. அதனினும் கருதத்தக்கது கையொப்பம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு மட்டுமே உள்ளது. கட்டணத்தைப் பற்றிய செய்தியையும் மீதிப் பணத்தையும் மறவாமல் குறித்த கை, தன் பெயரை எழுதவில்லை. உலகியற் பொறுப்பு மறந்துபோன நிலையன்று இது.

செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தவர் கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்திலும், சிறுவர் கல்லெறிந்தமையால் பாதாள லிங்கக் குகையிலும் இருந்தார். அங்கு இருளில் பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியதையும் அறியாதிருந்தவரைச் சிலர் வெளியே தூக்கி வந்தனர். 1897இல் ஊர்ப்புறத்துக் குருமூர்த்தத்திற்குச் சென்றார். அங்குத் தொண்டு செய்த அண்ணாமலைத் தம்பிரான், இறையுருவிற்குச் செய்வதுபோல எண்ணெயும் சந்தனமும் கொண்டு தமக்கு வழிபாடு செய்ய முனைந்ததை அறிந்தபோது, இளைஞர் கரித்துண்டால் சுவரில் ஒரு வரி எழுதி வைத்தார். உணவு தருவதே போதுமான தொண்டு என்பது அதன் பொருள். தம்மைக் குறிக்க அவ்வரியில் அவர் ஆண்டதும் அதே அஃறிணைச் சுட்டே. மதுரைச் சீட்டிற்கும் இச்சுவரெழுத்திற்கும் இடையே ஓராண்டளவு கழிந்திருந்தும் சுட்டு மாறவில்லை என்பதால், முதற்சீட்டில் நேர்ந்தது பதற்றத்தில் விளைந்த தடுமாற்றம் அன்று என்பது தெளிவு.

அக்கரியெழுத்து எதிர்பாராத விளைவொன்றைத் தந்தது. இச்சாமிக்குத் தமிழ் எழுதத் தெரியும் என்று ஊரார் அறிந்தனர். தாலுகா அலுவலகக் கணக்கர் வேங்கடராமையர் பெயரும் ஊரும் தெரியும்வரை உண்ணவும் அலுவலகம் செல்லவும் மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்க, இளைஞர் அவற்றை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். திருச்சுழி என்னும் ஊர்ப்பெயர் விளங்காதபோது, அருகிலிருந்த பெரியபுராணப் படியை எடுத்து, சுந்தரர் வழிபட்ட தலமாக அது வரும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். விரதம் காப்பவர் எழுத்தையும் தவிர்ப்பார், அல்லது எழுத்தைப் பேச்சுக்கு மாற்றாக்கி ஓயாது பயன்படுத்துவார். இவரோ கேட்டவர் விடாதபோது, கேட்ட அளவுக்கு மட்டும் எழுதினார்.

இதன் கடுமையான சோதனை 1898 டிசம்பரில் நேர்ந்தது. பவழக்குன்றில் இருந்தவரைத் தேடி அழகம்மை மூத்த மகனுடன் வந்தார். சடைமுடியும் அழுக்கும் படிந்த உடலில் மகனை அடையாளம் கண்டு, நாள்தோறும் பலகாரம் செய்து கொண்டுவந்து வீட்டிற்கு அழைத்தார். விடையில்லை. தாய் கதறி அழுதபோது மகன் எழுந்து அப்பால் சென்றார். சூழ்ந்திருந்தோருள் ஒருவர் பொறாது தாளும் பென்சிலும் நீட்டி, எழுதியேனும் பதில் தருமாறு வேண்டினார். ஊழின்படியே உயிர்களை இறைவன் இயக்குவான். நடவாதது எம்முயற்சியாலும் நடவாது, நடப்பது எத்தடையாலும் நில்லாது. ஆதலின் மௌனமாக இருத்தல் நன்று என்பது அவ்விடையின் சாரம். அதில் ‘அம்மா’ என்னும் விளி இல்லை, முன்னிலை இல்லை, தன்மையும் இல்லை. மதுரையிலும் குருமூர்த்தத்திலும் எஞ்சியிருந்த ‘இது’ என்னும் சுட்டும் இங்கு இல்லை. படர்க்கைப் பொதுமையில் மட்டும் அவ்வெழுத்து நிற்கிறது. தாயின் கண்ணீருக்கு முன் இதனை வைத்துப் படிப்பவர் இரக்கமின்மை எனக் கருதினால் அதனைக் குற்றமென்றல் இயலாது. வரலாற்றாசிரியர்கள் இவ்விடத்தை விரைந்து கடந்து அவ்வாசகத்தின் தத்துவ ஆழத்தையே பேசுவர். தாய் வெறுங்கையுடன் திரும்பினார் என்பதும் வரலாறே.

அடுத்த ஆண்டு விரூபாட்சி குகைக்கு ஏறியபின் எழுத்து பெருகிற்று. கம்பீரம் சேஷையர் 1900–1902 காலத்தில் கேட்ட ஐயங்களுக்குத் துண்டுத் தாள்களில் எழுதிய விடைகளே பின்னர் ‘விசார சங்கிரகம்’ ஆயின. 1902இல் தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் பணிபுரிந்த சிவப்பிரகாசம் பிள்ளையின் வினாக்களுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதினார். மணலெழுத்து அழிந்தது, பிள்ளையின் குறிப்பு நின்றது. ‘நான் யார்?’ நூலின் பதிப்புகளில் வினாத்தொகை வேறுபடுவதற்கும், உடல் முதலியவற்றை நான் அல்ல என ஒவ்வொன்றாக விலக்கும் பகுதி பிள்ளை தம் தெளிவுக்காகச் சேர்த்தது என்று கொள்ளப்படுவதற்கும் இவ்வெழுதுமுறையே காரணம். அச்செய்தி பாடவியல் நோக்கில் மட்டுமன்றிப் பயிற்சி நோக்கிலும் முக்கியமானது. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே சென்று இறுதியில் ஒரு வெறுமையைப் பிடித்து நிற்றல் ஒரு வழி. விலக்குபவன் யார் என்று திரும்புதல் வேறு வழி. இரமணர் காட்டியது பின்னது.

இடைக்காலத்தில் அவருடைய தமிழ்நூற் பயிற்சியும் பிறர்பொருட்டே நிகழ்ந்தது. பணிவிடை செய்த பழனிசுவாமி மலையாள நாட்டினர். தத்துவ நூல்களைத் தமிழில் இரவல் வாங்கித் தட்டுத் தடுமாறிப் படித்தார். அவர் படும் பாட்டைக் கண்டு, இரமணர் நூலை வாங்கி விரைந்து படித்துச் சாரத்தை உணர்த்தினார். நூல் வழியாக அனுபவம் தேடியவரல்லர் அவர்; தம் அனுபவத்திற்கு நூல்களில் பெயர் இருப்பதை இவ்வாறே அறிந்தார். பேச்சும் சிறிது சிறிதாகத் திரும்பிற்று. 1907 நவம்பர் 18 அன்று காவ்யகண்ட கணபதி சாஸ்திரி தவத்தின் இயல்பைக் கேட்டபோது, கால்மணி நேர அமைதிக்குப் பின், ‘நான்’ எழும் இடத்தையும் மந்திர ஒலி எழும் இடத்தையும் கவனிக்குமாறு வாயாலேயே தமிழில் சொன்னார். இரமண மகரிஷி என்னும் பெயர் சாஸ்திரி இட்டது.

1914இல் திருப்பதிப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் மகனைக் காண வந்த அழகம்மை கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். நடப்பது நடக்கும் என்று எழுதிய அதே கை, தாயின் பிணி தீர அருணாசலனை வேண்டி நான்கு வெண்பா இயற்றியது. 1898இன் தாளில் இடம்பெறாத ‘தாய்’ என்னும் சொல் இங்கு வந்துவிட்டது. முன்னதையும் பின்னதையும் முரணாக நிறுத்துவோர் உளர். மௌனம் என்பது உணர்ச்சி வற்றிய வெறுமை எனக் கொண்டால்தான் அது முரண். 1916 முதல் தாய் மகனுடனேயே தங்கினார். 1922 மே 19 அன்று, காலை முதல் இரவு வரை ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம், இறக்கும் தாயின் மார்பில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்து மகன் பேசாது அமர்ந்திருந்தார். மலையடிவாரத்துத் தாயின் சமாதியைச் சுற்றியே இரமணாசிரமம் எழுந்தது.

மனம் வெறிதாதலே முத்தி எனக் கருதுவோருக்கு அவர் அளித்த மறுப்பு, முருகனாரின் வேண்டுகோளால் 1927இல் பிறந்த ‘உபதேச உந்தியார்’ என்னும் முப்பது பாட்டில் கருக்கொண்டுள்ளது. ஒடுக்கம் இலயம் என்றும் நாசம் என்றும் இருவகைப்படும். இலயித்த மனம் மீண்டெழும், உருவழிந்தது எழாது என்பது அதன் கருத்து. இதனை விளக்க அவர் சொல்லும் கதை எளியது. கங்கைக்கரை யோகி ஒருவர் சீடனைத் தண்ணீர் கொண்டுவரப் பணித்துவிட்டு, அவன் வருமுன் நிட்டையில் ஆழ்ந்தார். நெடுங்காலம் சென்றது, சீடன் மறைந்தான், ஆறும் திசைமாறிற்று. கண்விழித்த யோகி கேட்ட முதற்பொருள் தண்ணீர். எண்ணமற்ற அத்தனை காலமும் அந்த ஒரு வேட்கையைச் சிறிதும் தேய்க்கவில்லை. மூச்சடக்கத்தாலும் ஒருமுகத்தாலும் வரும் அமைதியில் பயில்வோர் அவ்வமைதியிலேயே தங்கிவிடாமல், அதனை உணர்பவன் யார் என்று வினவ வேண்டும் என அவர் எச்சரித்தமைக்கு இதுவே காரணம்.

அவர் விரும்பிச் சொன்ன மற்றொரு கதை பாட்டியலாரையும் தொடுவது. ஆயிரம் யானைகளைப் போரில் வென்றவன்மீதே பரணி பாடுதல் மரபு. தத்துவராயர் தம் ஆசிரியர் சொரூபானந்தர்மீது பரணி பாடியதைப் புலவர்கள் மறுத்தனர். அவர்கள் ஆசிரியர்முன் அழைத்துச் செல்லப்பட்டனர், அவர் வாய்திறக்கவில்லை. நாள்கள் சென்றன; வந்தவர்களின் மனமும் அடங்கிற்று. விழித்தபின், செருக்கைக் கொல்வதற்கு முன் யானைகள் எம்மாத்திரம் என்று அவர்களே பரணியை ஏற்றனர். இலக்கண வாதம் வாதத்தால் தீராமல் மௌனத்தால் தீர்ந்தது என்பதில் இரமணருக்கு இருந்த சுவை வெளிப்படை. மௌனம் அவருக்குப் பேச்சின் இன்மை அன்று; கல்லால மரத்தடிக் கடவுள் கையாண்ட, பேச்சினும் தெளிவான ஒரு சொன்முறை.

1948இன் இறுதியில் இடக்கை முழங்கையருகே தோன்றிய கட்டி புற்றாகிப் பரவ, 1949இல் நான்கு முறை அறுவை செய்யப்பட்டது. 1950 ஏப்ரல் 14 இரவு, தம்மை நிமிர்த்தி அமர்த்துமாறு அவர் கேட்டார். வெளியே கூடியிருந்த அடியார்கள் ‘அருணாசல அட்சரமணமாலை’யைப் பாடத் தொடங்கினர். விரூபாட்சி நாள்களில், உடனிருந்தோர் ஊருக்குள் பிச்சைக்குச் செல்கையில் பாடுவதற்காக அவரே இயற்றிக் கொடுத்தது அது. கண்களைச் சிறிது திறந்தார்; கடையோரத்தில் நீர் வழிந்தது. 8.47 மணிக்கு மூச்சு நின்றது.