கழட்டி மாட்டிப் படித்தவர்



மலருக்கு மலர் நாம் காமராசரையும் பாரதியாரையும் அப்துல் கலாமையும் எழுதி வருகிறோம். அவர்கள் பெருமை பெரிது, மறுப்பில்லை. ஆனால் ஆட்டோமொபைல் பிரிவில் படிக்கிற நான், நகக்கண்ணில் கிரீசோடு வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். அவர் வேறு சீமைக்காரர் இல்லை. திருச்செங்கோட்டில் பஸ் ஏறி ஈரோடு வழியாகப் போனால் வந்துவிடுகிற கோயம்புத்தூர்க்காரர்தான். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்றால் கொஞ்சம் யோசிப்பீர்கள். ஜி.டி. நாயுடு என்றால் தெரிந்துவிடும்.

1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றுபோனது. (இதைக் காட்டி வகுப்பைக் கட் அடிக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பதில் பின்னால் வருகிறது.)

லங்காஷயர் என்கிற வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததை இளவயதில் பார்த்திருக்கிறார். மாடு இல்லை, குதிரை இல்லை, மிதிக்கவும் வேண்டாம், வண்டி ஓடுகிறது. நாமாக இருந்தால் நாலு நாள் டீக்கடையில் பேசிவிட்டு மறந்திருப்போம். அவர் கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். சம்பளத்தை மிச்சம் பிடித்து அதே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கவில்லை. கழட்டினார். ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் போட்டு, மறுபடி மாட்டி, ஓட வைத்தார்.

இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருப்பதாகப் படுகிறது. பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும். சரியான அளவில் காற்றோடு கலந்த பெட்ரோல், அதை நெருக்கி அழுத்தும் கம்ப்ரஷன், சரியான நேரத்தில் ஒரு பொறி. நூறு வருஷத்துக்கு முந்தைய மோட்டார் சைக்கிளுக்கும் இதேதான், இன்று வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் இதேதான். வண்டி நின்றுபோனால் இந்த மூன்றில் எது வரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். கழட்டி மாட்டினவனுக்கு இந்த வரிசை தானாக வந்துவிடும். கழட்டாதவன் ஊகத்தில் கார்புரேட்டரை மாற்று, காயிலை மாற்று என்று வண்டிக்காரர் பணத்தைக் கரைப்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நம்ம ஊரில் ஒரு பட்டறைக்கு உதவிக்குப் போகிறேன். அங்கே வருகிற குடும்பக் கார்களில் பாதி பழைய மாருதி 800 அல்லது ஆம்னி. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்று வருவார்கள். பேட்டரி போச்சு, புதுசு போடணும் என்று அவர்களே முடிவு கட்டியிருப்பார்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடித்துப் பார்த்தால் போதும். லைட் அப்படியே மங்கி அணைகிற மாதிரி ஆனால் கரன்ட் பற்றவில்லை. பேட்டரி இறங்கியிருக்கலாம், இல்லை டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கலாம். லைட் மங்காமல் நின்று செல்ஃப் மட்டும் சும்மா இருந்தால் கோளாறு செல்ஃப் மோட்டாரிலோ அதற்குப் போகிற வயரிலோ இருக்கும். பூத்த டெர்மினலை முதலில் எர்த் பக்கம் கழட்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவினால் பல வண்டி அன்றைக்கே கிளம்பிப் போய்விடுகிறது. புது பேட்டரி விற்க முடியவில்லையே என்று கடைக்காரருக்குத்தான் வருத்தம்.

நாயுடு கதைக்கு வருகிறேன். மோட்டார் சைக்கிளுக்குப் பிறகு திருப்பூரில் பஞ்சுத் தொழில் செய்து நன்றாகச் சம்பாதித்தார். பம்பாய்ப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி அதை இழந்தார். 1920இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் கொடுத்த உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. நாட்டிலேயே ஒழுங்காக ஓடும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

ஒழுங்காக ஓடும் என்ற சொல்லை லேசாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். 1920களின் ரோடு எப்படி இருந்திருக்கும்? செம்மண்ணும் ஜல்லியும். வழியில் பட்டறை கிடையாது, ஸ்பேர் கிடையாது, போன் பண்ண முடியாது. பழனிக்கு மொட்டை போடப் போகிற குடும்பத்தை நடுவழியில் இறக்கிவிட்டால் அடுத்த தடவை மாட்டு வண்டியிலேயே போய்விடுவார்கள். ஆகவே பஸ் நின்ற பிறகு சரி செய்யத் தெரிந்தால் போதாது, நிற்காமல் இருக்க முன்னாலேயே பார்க்க வேண்டும். நாயுடு செய்த கருவிகளின் பட்டியலில் எஞ்சின் அதிர்வைச் சோதிக்கும் கருவி ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். எனக்கு அவருடைய மற்ற அதிசயங்களைவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது. எஞ்சின் நிற்பதற்கு முன்னால் நடுங்கும், சத்தம் மாறும். அதைக் கேட்கத் தெரிந்தவனுக்குப் பாதி பழுது பழுதாகவே வராது.

எங்க அப்பா போர்வெல் ரிக் வண்டியில் டிரைவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போனால் மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் போகிற லாரியின் சத்தத்தை வைத்தே ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். நாயுடுவின் கருவி செய்கிற வேலையை அப்பாவின் காது செய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

காதுக்கு எட்டாதது ஒன்று உண்டு, அது தண்ணீர். நம்ம சுற்றுவட்டாரத்தில் கார் ஹீட் ஆவதற்குப் பெரிய காரணம் நம்ம ஊர் போர் தண்ணீரே. சோறு வடிக்கிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. குழாய் அடைத்தால் சூடு வெளியே போகாது. டிஸ்டில்ட் வாட்டரில் கலந்த கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர் குறைகிறது என்றால் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் தினம் ஊற்றிக்கொண்டே இருப்பது தப்பு. ஹோஸ் வெடித்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், வாட்டர் பம்ப் சீல் கசியலாம். இது எதுவும் இல்லாமல் குறைந்து, சைலன்சரில் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். ஃபேன் ஓடவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், பிறகு சூடானால் ஃபேனைப் போடும் ஸ்விட்ச். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்து அழுத்தத்தை எடுத்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும்.

பிளக்கைக் கழட்டினாலும் எஞ்சின் தன் கதையைச் சொல்லும். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்ல எரிப்பு. கரிப்பொடியாக இருந்தால் பெட்ரோல் கூடுதல், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்துக் காற்று குறைவு. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ரிங் தேய்ந்தோ வால்வு சீல் போயோ ஆயில் மேலே வருகிறது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரிதான். இப்போதைய கார்களில் ஸ்கேனரை மாட்டினால் கோட் வரும். ஆனால் கோட் சொல்வது எந்தப் பக்கம் கோளாறு என்பதை மட்டுமே. பார்ட் போச்சா, வயர் தளர்ந்ததா என்று கண்டுபிடிப்பது இன்னமும் மனுஷன் வேலைதான்.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். நாயுடு பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் அம்மையார் கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து பிறந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். தாய் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போன முதல் குடும்பக் கார் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்தது, தொப்பி ஊசியால் குத்திவிட்டார். பொறிக்கான வயர் உரசிப் போனது, காலுறைப் பட்டியைச் சுற்றினார். மரக்கட்டை பிரேக் தேய்ந்தது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தரச் சொன்னார். இன்று நாம் மாற்றுகிற பிரேக் லைனிங்குக்கு அதுதான் பாட்டி. எரிபொருள் வாங்கியது மருந்துக் கடையில். ரிப்பேர் தெரிந்தவர் வண்டி ஓட்டினால் வண்டியே முன்னேறும் என்பதற்கு இது சாட்சி. மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பி வந்து சொன்னதும் அவரே.

நாயுடுவும் வெளிநாடுகளெல்லாம் சுற்றினார். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். ரசந்த் என்ற முகச்சவர ரேசரை உருவாக்கினார். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார். பருத்தி, பப்பாளி என்று விவசாய ஆராய்ச்சியும் உண்டு. இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் கிடைக்கும், இங்கே விரிக்கவில்லை.

நம்மைத் தொடுகிற இடம் 1945. அந்த வருஷம் அவருடைய கொடையில் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். தொடக்கப் பள்ளியோடு நின்றவர் கல்லூரிக்கு முதல்வராக உட்கார்ந்தார்! இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு அதுதான் வேர். ஆனால் அவர் அங்கே நிலைக்கவில்லை. நாலு வருஷப் படிப்பு வீண், அதைவிடக் குறைந்த காலத்தில் அதே தொழிலைச் சொல்லித் தரலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. விலகினார். பிறகு தாமாகக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தினார்.

எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா இதையேதான் என் அப்பாவிடம் சொன்னார். மூன்று வருஷம் பீஸ் கட்டுவதற்குப் பதில் பையனைப் பட்டறையில் விட்டால் ஆறு மாசத்தில் சம்பளம் வாங்குவானே என்று. மாமாவுக்கு ஜி.டி. நாயுடுவைத் தெரியாது, ஆனாலும் கட்சி ஒன்றே. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு இது சும்மா விவாதம் இல்லை. நாயுடு சொன்னதில் பாதி நியாயம். லேப் பீரியடில் ஒரு எஞ்சினைச் சுற்றி முப்பது பேர் நின்று முன்னால் இருக்கும் நாலு பேர் மட்டும் தொடுகிற படிப்பு வீண்தான். ஆனால் மீதிப் பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சூடான மூடியைத் திறக்கக் கூடாது என்று பட்டறையில் அடித்துச் சொல்லித் தருவார்கள். ஏன் என்பது எனக்கு வகுப்பில்தான் விளங்கியது. அப்பாவோடு இருபது வருஷம் ரிக்கில் இருக்கும் மெக்கானிக் ஒருவர், கண்ணைக் கட்டிவிட்டாலும் பம்ப்பைப் பிரித்து மாட்டுவார். ஒரு கம்பெனிக்கு சர்வீஸ் வேலைக்குப் போனபோது சர்டிபிகேட் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாயுடுவுக்குச் சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருந்தது, பிறகு சொந்தக் கம்பெனி இருந்தது, யாரிடமும் சர்டிபிகேட் காட்ட வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் அப்பா மாமாவுக்குப் பதில் சொல்லாமல் பீஸைக் கட்டினார்.

1952இல் நாயுடு இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2000 ரூபாய்க்குள் அடங்கும் என்றார்கள். உற்பத்தி செய்ய அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை, வண்டி அதோடு நின்றது. மெக்கானிக் ஒருவர் சாதாரணக் குடும்பத்துக்காக யோசித்த கார் ரோட்டுக்கு வந்திருந்தால் பழுது பார்க்க எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

1974 ஜனவரி 4ஆம் நாள் காலமானார். கல்லூரி எப்போதோ தடாகம் ரோட்டுக்குப் போய்விட்டது, ஆனால் அவிநாசி ரோட்டில் அந்த பஸ் ஸ்டாப் இன்றும் ஹோப் காலேஜ்தான். 2025 அக்டோபரில் அதே ரோட்டில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 2015இல் தொடங்கிய ஜீடி கார் மியூசியமும் அவிநாசி ரோட்டில்தான் இருக்கிறது. நம் பிரிவிலிருந்து அடுத்த இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு அங்கே போகலாம் என்று ஹெச்.ஓ.டி. சாரிடம் கேட்டிருக்கிறோம். வர விருப்பமுள்ளவர்கள், மெக்கானிக்கல் நண்பர்களும்தான், வகுப்புப் பிரதிநிதியிடம் பெயர் கொடுங்கள்.