ஸிட்னி ஹில்மன்

குடியாட்சி நடைபெறும் நாடுகளில் செல்வர்க்கும் வறியவர்க்கும் வாக்குச் சீட்டு ஒன்றே. தேர்தற் செலவுக்குரிய பொருளோ அவ்வாறு சமமாய்ப் பங்கிடப்படுவதன்று. ஆதலின் அப்பொருளைக் கொடுத்தவர் யாவர், பெற்றவர் யாவர், அது எவ்வழியிற் செலவாயிற்று என்பவற்றைக் குடிகள் அறிதல் வேண்டுமென்னும் கொள்கை பல நாடுகளிற் சட்டமாக வந்துளது. ஐக்கிய அமெரிக்காவில் இக்கொள்கையின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாத தொடர்புடையவர் ஸிட்னி ஹில்மன் என்னும் தொழிலாளர் தலைவர். இன்று அந்நாட்டில் ஆயிரக்கணக்காய் இயங்கும் அரசியல் நடவடிக்கைக் கமிட்டிகளுக்கு முன்மாதிரியை அமைத்தவர் அவரே. அவர் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

ஹில்மன் 1887-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ந் தேதி, அந்நாளில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்குட்பட்டிருந்த லித்துவேனியாவில், ஜாகரே என்னும் சிற்றூரில், யூத குருமார் மரபிற் பிறந்தார். மகனும் குருவாக வேண்டுமென விரும்பிய பெற்றோர் அவரைச் சிறு வயதிலேயே வேத பாடசாலைக்கு அனுப்பினர். அவர் மனமோ தொழிலாளரின் துயரத்திற் சென்றது. பாடசாலையை விடுத்துத் தொழிலாளர் இயக்கத்திற் சேர்ந்தார். அதன் பொருட்டுச் சிறையும் புகுந்தார். 1906-ல் இங்கிலாந்து சென்று, மறு ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரை அடைந்து, ஹார்ட், ஷாப்னர், மார்க்ஸ் என்னும் பெரிய ஆடைக் கம்பெனியில் துணி வெட்டும் வேலை பயின்றார்.

1910-ம் ஆண்டில் அக்கம்பெனி, கால்சட்டை தைக்கும் பெண்களின் கூலியை உருப்படி ஒன்றுக்குக் கால் சென்ட் குறைத்தது. கால் சென்ட் என்பது செல்வர்க்கு ஒரு பொருளன்று. ஏழைக்கோ அது உணவு. பெஸி அபிரமோவிட்ஸ் என்னும் இளம் பெண்ணின் தலைமையில் சில பெண்கள் வேலையை விட்டு வெளியேறினர். சிலரால் தொடங்கிய அவ்வேலைநிறுத்தம் சில வாரங்களுள் நாற்பதினாயிரம் பேரைத் தன்னகத்தே கொண்டது. அங்ஙனம் சேர்ந்தவருள் ஹில்மனும் ஒருவர். வழக்குகளை நடுவர் வாயிலாய்த் தீர்க்கும் முறையை இருதரத்தாரும் ஏற்குமாறு செய்வதில் அவர் காட்டிய பொறுமையும் சாதுரியமும் அவரைத் தலைவராக்கின. 1914-ல் ஒன்றுபட்ட ஆடைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் அக்கிராசனராய்த் தெரிந்தெடுக்கப்பட்டு, இறக்குமளவும் அப்பதவியை வகித்தார். 1916-ல் பெஸி அம்மையாரை மணந்தார். சங்கத்தார் 1922-ல் சிக்காகோவிலும் 1923-ல் நியூயார்க்கிலும் வங்கிகளை நிறுவினர். சிறு தொகைகள் பல திரண்டால் பெருஞ் செல்வத்துக்கு எதிர்நிற்கும் என்பதை ஹில்மன் இவ்வனுபவத்தாற் கற்றார்.

இனி, அந்நாட்டுத் தேர்தற் சட்டங்களை நோக்குவோம். கம்பெனிகள் தேசியத் தேர்தலுக்குப் பொருள் கொடுத்தல் ஆகாதென 1907-ல் விலக்கப்பட்டது. அரசியற் கமிட்டிகள் தம் வரவு செலவைப் பகிரங்கப்படுத்த வேண்டுமென்ற விதி 1910-ல் பிறந்தது. 1925-ம் ஆண்டுச் சட்டமோ, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ராஜ்யங்களில் உழைக்கும் கமிட்டிகள், 100 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவரின் பெயரையும் விலாசத்தையும் பிரதிநிதி சபையின் எழுத்தரிடம் ஒப்புவிக்க வேண்டுமென விதித்தது. விதி நன்று, ஆயினும் ஒப்புவித்த கணக்கைச் சோதிக்கத் தனி அதிகாரி ஒருவருமிலர். கணக்குகள் அலுவலகத்தில் தூங்கின.

1943-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மறுத்தும், காங்கிரஸ் ஸ்மித்-கானலி சட்டத்தை நிறைவேற்றித் தொழிற்சங்கங்களின் பொருளையும் தேர்தலினின்றும் விலக்கியது. மறு மாதமே கைத்தொழிற் சங்கங்களின் பேரவை, ஹில்மனைத் தலைவராகக் கொண்டு அரசியல் நடவடிக்கைக் கமிட்டியை நிறுவிற்று. சட்டத்தை நுணுகி ஆராய்ந்த ஹில்மன், விலக்கப்பட்டது தேர்தலுக்குரிய நன்கொடையே என்றும், அபேட்சகரை நியமிப்பதற்கு முந்திய காலத்தை அது தொடாதென்றும் கொண்டார். ஆகவே 1944-ம் ஆண்டு ஜூலையில் ரூஸ்வெல்ட் நியமனம் பெறும்வரை சங்கங்களின் பொக்கிஷத்திலிருந்து செலவிட்டார்; பின்னர் அதனை நிறுத்தித் தொழிலாளர் தாமாக மனமுவந்தளித்த டாலர்களைக் கொண்டு வேலை நடத்தினார். கமிட்டியின் ஊழியர் வீடு வீடாய்ச் சென்று வாக்காளரைப் பதிவு செய்தனர். துண்டுப் பிரசுரங்களைப் பரப்பினர்.

எதிரிகள் சும்மா இருந்தாரல்லர். அந்நிய நாட்டிற் பிறந்தவரென்றும், பொதுவுடைமையாளர் கைப்பட்டவரென்றும் அவரைத் தூற்றினர். உபஜனாதிபதி நியமனத்துக்கு அவருடைய சம்மதத்தையே ரூஸ்வெல்ட் முதலிற் கேட்கச் செய்தாரென்ற வதந்தியை நாடெங்கும் பரப்பினர். காங்கிரஸின் இரு சபைகளும் அமைத்த விசாரணைக் குழுக்களின் முன் ஹில்மன் தோன்றி, தம் கமிட்டியின் நிதியைக் குறித்துச் சாட்சியம் அளித்தார். அவ்வாண்டு நவம்பரில் ரூஸ்வெல்ட் நான்காம் முறையாக வெற்றி பெற்றார். ஓயாத உழைப்பினால் இதயம் நலிந்திருந்த ஹில்மன், 1946-ம் ஆண்டு ஜூலை மாதம் 10-ந் தேதி, தமது 59-ம் வயதில் மாரடைப்பினால் காலமானார்.

அவர் செயலில் குறையே இல்லையெனக் கூறுதல் நடுநிலையாகாது. நியமனத்துக்கு முன் செலவிட்டால் சட்டம் தொடாதென்று கண்டது கூர்மையே. எனினும் சட்டத்தின் சொல்லைக் காத்துக் கருத்தை நெகிழவிடும் வழியையும் அது பிறருக்குக் காட்டிற்று. 1947-ம் ஆண்டுச் சட்டம் அவ்வாயிலை அடைத்தது. ஆயினும் ஏழையர் டாலரைத் திரட்ட அவர் அமைத்த கருவியைக் காலப்போக்கில் கம்பெனிகளும் வர்த்தகச் சங்கங்களும் கைக்கொண்டன. கருவி, பிடித்த கைக்கெல்லாம் உழைக்குமன்றோ?

ஆகவே கணக்கைப் பகிரங்கப்படுத்தும் விதியே குடிகளுக்குற்ற காவலாயிற்று. 1971-ல் புதிய சட்டம் பிறந்தது. வாட்டர்கேட் ஊழலுக்குப் பின், 1974-ம் ஆண்டுத் திருத்தத்தால் கணக்குகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைந்தது. கமிட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொக்கிஷதார் இருத்தல் வேண்டும். ஓராண்டில் 200 டாலருக்கு மேற் கொடுத்தவரின் பெயர், விலாசம், தொழில், வேலை கொடுப்போர் ஆகிய யாவும் அவர் ஒப்புவிக்கும் கணக்கில் விளங்கவேண்டும். செலவுக்கு விதித்த வரம்புகள் சிலவற்றைத் தள்ளிய உச்ச நீதிமன்றமும், 1976-ல் கணக்கை வெளிப்படுத்தும் விதியை நிலைநிறுத்தியது. 2010-ம் ஆண்டுத் தீர்ப்புகளுக்குப் பின், தனித்துச் செலவிடும் கமிட்டிகள் எல்லையின்றிப் பொருள் பெறலாயின. அவையும் கொடுத்தவரைக் குறிக்கக் கடமைப்பட்டனவே. ஆயினும் தமக்கு நன்கொடை அளித்தவரைக் கூறக் கடமைப்படாத சங்கங்கள் அவற்றுக்குப் பொருள் வழங்குமிடத்து, ஏட்டில் சங்கத்தின் பெயர் நிற்க, கொடுத்த மனிதர் மறைந்து நிற்கின்றார். வாயில்கள் இன்னும் முற்றும் அடைபடவில்லை.

மாணவ நண்பர்களே, பேச்சுமன்றத்தின் சந்தாவையோ விடுதி உணவுச்சாலையின் பணத்தையோ கையாளும் பொறுப்பு உங்களிற் சிலருக்கு வாய்த்திருக்கும். தொகை சிறிதெனினும் கடமை ஒன்றே. கால் சென்ட் கூலிக்காகத் தெருவில் நின்ற ஏழையர் நடுவே ஹில்மனின் பொதுவாழ்வு தொடங்கிற்று. பிறர் டாலருக்குக் கணக்குச் சொல்லும் விசாரணை மன்றத்தில் அது உச்சம் பெற்றது. பொதுப் பணத்தைத் தொடுபவர், கேட்பதற்கு முன்னரே ஏட்டைத் திறந்து வைத்தல் வேண்டும் என்பதே அவர் வாழ்வின் பெருமையும் குறையும் ஒருங்கே நமக்குப் புகட்டும் பாடமாகும்.