தங்கவயல் மஞ்சுநாத்



போன மாதம் நம் சுவர்ப் பத்திரிகையில் மேரி கியூரி வந்தார். அதற்கு முந்தின மாதம் இராமானுஜன். இந்த மாதம் என் முறை. நான் எழுதப் போகிறவர் விஞ்ஞானி இல்லை. பெட்ரோல் பங்குகளைச் சோதனை போட்ட ஒரு அதிகாரி. நாம யாரும் பிறப்பதற்கு முன்னாடியே, 27 வயதில் இறந்துவிட்டார். பெயர் மஞ்சுநாத் சண்முகம்.

இவரை ஏன் எடுத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கப்பா ஜீப் ஓட்டுறார். விடியக்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவார். போன ஆடி மாதம் கொண்டை ஊசி வளைவில் ஜீப் குபுகுபுவென்று புகை கக்கி நின்றுவிட்டது. உள்ளே பதினோரு பேர். எங்க சித்தியும் இருந்தாங்க. வண்டி பின்னாடி உருளாமல் சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்து எல்லாரையும் இறக்கினார் அப்பா. மெக்கானிக் அண்ணன் டீசல் பம்பைக் கழற்றி மோந்து பார்த்துவிட்டு, மண்ணெண்ணெய் கலந்திருக்கு என்றார். டீசலில் ஒரு வழவழப்பு உண்டு. அதுதான் பம்பு உள்ளே உரசாமல் காப்பாற்றும். மண்ணெண்ணெயில் அது குறைச்சல், அதனால் பம்பு தேஞ்சு போச்சு. செலவுக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போச்சு. எந்தப் பங்கு என்று நான் எழுதவில்லை. எங்கப்பாவும் அங்கே போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடனுக்கு டீசல் போடுற இடம், பகைச்சுக்க முடியாது என்றார். எனக்கு அப்பா மேல் ரொம்பக் கோபம். இதை அறிவியல் டீச்சரிடம் சொன்னபோதுதான் அவங்க மஞ்சுநாத்தைப் பற்றிச் சொன்னாங்க.

மஞ்சுநாத் 1978 பிப்ரவரி 23 அன்று பிறந்தார். வளர்ந்தது கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலில். தமிழர்கள் நிறையப் பேர் சுரங்க வேலைக்குப் போய்க் குடியேறிய ஊர் அது. மைசூரில் இன்ஜினியரிங் படித்தார். பிறகு லக்னோவில் உள்ள ஐ.ஐ.எம்.மில் சேர்ந்து எம்.பி.ஏ. முடித்தார். நன்றாகப் பாடுவாராம். அங்கே படித்தவர்களுக்குப் பெரிய நகரங்களில் பெரிய சம்பளம் கிடைக்கும். இவர் இந்தியன் ஆயில் நிறுவனத்தில் விற்பனை அதிகாரியாகச் சேர்ந்தார். கிடைத்த இடம் உத்தரப்பிரதேசத்தில், நேபாள எல்லைப் பக்கம் உள்ள லக்கிம்பூர் கேரி மாவட்டம்.

அங்கே கலப்படம் நடந்ததற்குக் காரணம் விலை. 2005இல் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் சுமார் 9 ரூபாய், டீசல் சுமார் 30 ரூபாய். ஏழைகள் வீட்டு விளக்குக்கும் அடுப்புக்கும் வந்த எண்ணெய் டேங்கருக்குள் போனது. நம்ம ரேஷனில் வந்த மண்ணெண்ணெய் நீல நிறமாக இருக்கும் என்று அப்பத்தா சொல்லுவாங்க. கலப்படம் செய்தால் காட்டிக்கொடுக்கத்தான் அந்த நீலச் சாயம். ஆனால் களிமண், கரி போன்றவற்றில் வடிகட்டிச் சாயத்தை எடுத்துவிடுவார்களாம்!

கண்ணுக்குத் தெரியாத கலப்படத்தை ஆய்வகத்தில் எப்படிப் பிடிக்கிறார்கள்? வாயு நிறப்பிரிகை என்று ஒரு முறை இருக்கிறது. 1952இல் இங்கிலாந்தில் மார்ட்டின், ஜேம்ஸ் என்ற இருவர் இதைச் செய்து காட்டினார்கள். டீச்சர் நம்ம மலையை வைத்தே விளக்கினாங்க. முந்தலிலிருந்து பைக், ஜீப், பஸ், லோடு லாரி எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் மெட்டுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில்தானே வந்து சேரும்? அதே மாதிரி முடியளவு துளை உள்ள, 30 மீட்டர் நீளமுள்ள குழாயைச் சுருட்டி அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெயை ஆவியாக்கி உள்ளே விட்டு, ஹீலியம் மாதிரி ஒரு வாயுவால் தள்ளுவார்கள். சின்ன மூலக்கூறு முதலில் வெளியே வரும், பெரியது பின்னாடி வரும். ஒவ்வொன்று வரும்போதும் தாளில் ஒரு மலை மாதிரிக் கோடு எழும்பும். பெட்ரோலில் பன்னிரண்டு கார்பனுக்கு மேல் போவது அபூர்வம், மண்ணெண்ணெயில் பதினாறு வரை உண்டு. பெட்ரோல் என்று கொடுத்ததில் கடைசியில் மலைகள் எழும்பினால் மாட்டிக்கொண்டார்கள். டீசலில்தான் சிக்கல். மண்ணெண்ணெயில் உள்ளவை பாதிக்கு மேல் டீசலிலும் இருப்பதால் மலைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும். அதனால்தான் மண்ணெண்ணெயில் நிறமே இல்லாத ஒரு அடையாளப் பொருளைத் துளியளவு கலந்து வைக்கும் யோசனை வந்தது.

அந்த யோசனை நம் நாட்டில் நடைமுறைக்கு வரும்போது மஞ்சுநாத் உயிரோடு இல்லை.

கலப்பட எண்ணெய் விற்ற இரண்டு பங்குகளுக்கு அவர் மூன்று மாதம் சீல் வைத்தார். ஒரே மாதத்தில் பங்கு மறுபடி திறந்துவிட்டது. 2005 நவம்பர் 19 அன்று கோலா கோகர்ணநாத் என்ற ஊருக்குத் திடீர்ச் சோதனைக்குப் போனார். அன்று ராத்திரி அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். உடம்பில் ஆறு குண்டுகளாவது இருந்தன. அவருடைய காரின் பின்சீட்டிலேயே உடலைப் போட்டு, பங்கு வேலையாட்கள் இரண்டு பேர் ஓட்டிக்கொண்டு போகும்போது பிடிபட்டார்கள். மூன்று நாளாக மகனிடமிருந்து தகவல் இல்லையே என்று அவர் அப்பா அதே ராத்திரி ஒன்பது மணிக்கு நலம் கேட்டு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறார். பதில் வரவே இல்லை. இதை டீச்சர் சொன்னபோது வகுப்பே சத்தம் இல்லாமல் இருந்தது.

கூடப் படித்தவர்கள் வழக்கை விடவில்லை. 2007இல் முக்கியக் குற்றவாளிக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள் என்று தீர்ப்பு வந்தது. 2009இல் உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து, இரண்டு பேரை விடுவித்தது. மற்ற ஆறு பேருக்கு ஆயுள் தண்டனையை 2015இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

கொலை நடந்த மறு வருடம், 2006 அக்டோபரில், மண்ணெண்ணெயில் அந்த அடையாளப் பொருளைக் கலக்க ஆரம்பித்தார்கள். அதையும் பிரித்து எடுத்துவிட முடிகிறது என்று தெரிந்ததால் 2009 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பாவிலும் இதே தொல்லைதானாம். அங்கே பழைய மஞ்சள் அடையாளப் பொருளை மாற்றி 2024 முதல் ப்யூட்டாக்ஸிபென்சீன் என்பதைச் சேர்க்கிறார்கள் (எனக்கு நாலு தடவை சொன்னால்தான் நாக்கில் வருது). அது டீசல் கொதிக்கிற வெப்பத்திலேயே கொதிப்பதால் காய்ச்சிப் பிரிப்பது கஷ்டம். கண்டுபிடிப்பது அதே சுருட்டின குழாயில்தான்.

தனியாகப் போனது அவர் தப்பு என்று எங்க அப்பத்தா சொன்னாங்க. அப்படிச் சொல்லாதீங்க என்று நான் சண்டை போட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை.

பங்கில் எந்த வாடிக்கையாளரும் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம். லோடு வந்தபோது எழுதி வைத்த கணக்குக்கும் இதற்கும் கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. இதை ஒரு சீட்டில் எழுதி ஜீப்பில் அப்பா சாமி படம் வைத்திருக்கும் இடத்தில் செருகி வைத்தேன். பத்து நாள் அங்கேயே இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை டீசல் போடப் போனபோது நானும் முன்சீட்டில் இருந்தேன். அப்பா சீட்டை எடுத்து இரண்டு தடவை படித்தார். அப்புறம் இறங்கிப் போய்க் கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவரச் சொன்னார்.